அண்ணாச்சி, எங்கள் கண் சொட்டுக்கும் ஒரு பற்று நோட்டு போடுங்கள்

நெல்லை, தென்காசிச் சீமையில் மருந்துக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கும், அந்தக் கடைகளில் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கும் தம்பி தங்கைமார்களுக்கும் வணக்கம்.

என் பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தால் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். திருநெல்வேலிக்கும் பாபநாசத்துக்கும் நடுவே இருபத்தொன்பது வருடம் நடத்துநராகப் போய் வந்தவன். பத்தமடையில் பாய்க்கட்டு, காருகுறிச்சியில் பானை, கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கூடை என்று ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் லக்கேஜ் டிக்கெட் கேட்டு நான் வாங்கிய வசவுகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். அந்தத் தடத்தில் முக்கியமான நிறுத்தம் எதில் இறங்கினாலும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒரு மருந்துக் கடை இருக்கும். கண் ஆஸ்பத்திரி அப்படியா இருக்கிறது? அதற்கு ஒரு நாள் கூலியை விட வேண்டும். சோதிப்பதற்காகக் கண்மணியை விரிக்கச் சொட்டு விட்டுவிட்டால் திரும்பி வரத் துணைக்கு ஆள் வேண்டும். அதனால்தான் டாக்டர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்குக் கண் நீர் அழுத்த நோய். கிளாக்கோமா என்று சீட்டில் எழுதுவார்கள். ஊர் வாயில் அது 'கண் பிரஷர்'. பன்னிரண்டு வருடமாகச் சொட்டு மருந்து விட்டு வருகிறேன். நடுவில் பதினைந்து மாதம் ஒழுங்காக விடவில்லை. அந்தப் பதினைந்து மாதத்தில் இடது கண்ணின் பார்வையில் பெரும்பகுதி போய்விட்டது. போனது போனதுதான். எந்த மருந்தும் எந்த ஆபரேஷனும் அதைத் திருப்பித் தராது.

நோய் வந்தது எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். தெரியவே இல்லை. ஐம்பத்தொரு வயதில், பேருந்தின் இடது பக்கத்து இருக்கைக்காரர்கள் ரூபாயை நீட்டியபடியே இருப்பார்களாம். நான் பார்க்காமல் தாண்டிப் போவேனாம். கண்டக்டருக்குக் கொழுப்பு என்று பேசிக்கொண்டார்கள். வீரவநல்லூர்ப் பாட்டி ஒருவர் என் தோல்பையைப் பிடித்து இழுத்துத்தான் டிக்கெட் வாங்குவார். கூட்டத்தில் இதெல்லாம் சகஜம் என்று இருந்துவிட்டேன். சில்லறைக் கணக்கு எழுதும்போது எழுத்து மங்கியதால் கண்ணாடி போடப் போனேன். அது வெறும் வெள்ளெழுத்து. ஆனால் போன இடத்தில் கண்ணின் அழுத்தத்தையும் அளந்தார்கள். வலதில் 26, இடதில் 31. பெரும்பாலோருக்கு இது 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும்.

பிறகு பார்வைப் பரப்புச் சோதனை. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் எங்கே வெளிச்சம் மின்னினாலும் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். விசில் ஊதியே வாழ்க்கையை ஓட்டியவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று உட்கார்ந்தேன். நன்றாகவே செய்ததாக நினைத்துக்கொண்டு எழுந்தேன். அச்சிட்டு வந்த தாளில் இடது கண்ணின் ஒரு மூலை கரியாக இருந்தது. அந்த மூலையில் வெளிச்சம் மின்னியபோதெல்லாம் நான் பொத்தானை அழுத்தவில்லை. மின்னியது எனக்குத் தெரியவே இல்லை. இருட்டாகத் தெரிந்திருந்தால்கூட ஏதோ கோளாறு என்று பயந்திருப்பேன். இந்த நோய் இருட்டைக் காட்டுவதில்லை. அங்கே ஒன்றுமே இல்லாததுபோல மூளையை நம்பவைத்துவிடுகிறது.

இரவு ஒரு சொட்டு லட்டனோபிராஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள். காலம் முழுவதும் விட வேண்டும் என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

இனி என் யோக்கியதையைச் சொல்கிறேன். சொட்டு விட்டேன், பார்வை கூடவில்லை. கண் சிவந்தது, இமை மயிர் மாட்டுக்கு வளர்ந்ததுபோல நீண்டது, அவ்வளவுதான். பணிமனையில் கேலி வேறு. தலைவலி மாத்திரை போட்டால் தலைவலி போகிறது. இந்தச் சொட்டு விட்டால் என்ன போகிறது? ஒன்றும் போவதில்லை. ஒன்றும் போகக்கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சொட்டே என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை. ஒரு மாதம் கடையில் மருந்து தீர்ந்துவிட்டது, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். இரண்டு நாள் இரண்டு வாரமானது. விடாமல் இருந்த இரண்டு வாரத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் போக வேண்டும் அல்லவா? போவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு பாட்டில் வாங்கி ஒழுங்காக விடுவேன். இன்ஸ்பெக்டர் ஏறப்போகிறார் என்று எதிர்வண்டிக்காரன் கைகாட்டியதும் கணக்கைச் சரிபார்க்கிற புத்தி. அழுத்தம் 17 என்று காட்டும். டாக்டர் பாராட்டுவார். மூன்றாவது முறை அவர் பாராட்டவில்லை. அழுத்தம் நன்றாக இருக்கிறது, பார்வைப் பரப்பு மட்டும் ஏன் இப்படிச் சுருங்குகிறது என்று பழைய தாளையும் புதிய தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தலைக்கு ஸ்கேன் எடுக்கலாமா என்று யோசித்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் அக்காதான் மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, மருந்து வாங்கின பில் வைத்திருக்கிறீர்களா?"

நடத்துநர் எந்தத் தாளையும் கிழித்துப் போட மாட்டான். பையில் இருந்தது. பதினைந்து மாதத்துக்கு மூன்று பில்.

அண்ணாச்சி, இந்த மடலின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. என் கண்ணின் உண்மைக் கணக்கு டாக்டரின் கருவியில் இல்லை. அது உங்கள் கடையின் பில் புத்தகத்தில் இருந்தது. நான் அவரை ஏமாற்ற முடிந்தது. கருவியையும் ஏமாற்ற முடிந்தது. வாங்காத பாட்டிலுக்குப் பில் தயாரிக்க மட்டும் என்னால் முடியவில்லை. மாதம் ஒரு முறை வர வேண்டியவன் ஐந்து மாதத்துக்கு ஒரு முறை வருகிறான் என்பது இந்த உலகத்திலேயே உங்கள் ஒருவர் கண்ணுக்குத்தான் படக்கூடியது.

இந்த நோயைப் பற்றி எனக்கு விளங்கிய அளவில் ஒரு வார்த்தை. நம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்துக் குளம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குள்ளே ஒரு தெளிந்த நீர் ஓயாமல் ஊறி, ஓயாமல் வடிந்துகொண்டிருக்கிறது. அது அழும்போது வருகிற கண்ணீர் அல்ல. உள்ளே ஊறி உள்ளேயே வடிவது. வரத்து நிற்காது. மடையில் மண் சேர்ந்தால் நீர்மட்டம் ஏறும். ஏறிய நீர் கரையின் எந்த இடம் பலவீனமோ அங்கே முட்டும். கண்ணில் அந்த இடம் பின்பக்கம் உள்ள பார்வை நரம்பு. டிமோலால் போன்ற மருந்து வரத்தைக் குறைக்கிறது. டார்சோலமைடும் அந்தப் பக்கம்தான். லட்டனோபிராஸ்ட் வகை, உபரி நீர் போகும் மறுகாலைத் திறந்துவிடுவதுபோல இன்னொரு வழியாகத் தண்ணீரை இறக்குகிறது. பிரிமோனிடின் இரண்டிலும் கொஞ்சம் கை வைக்கிறது. குளத்துக்குக் காவல் போட்டால் மழைக்காலம் முடிகிறவரை போட வேண்டும். நம் கண்ணுக்கு மழைக்காலம் முடிவதே இல்லை.

இதைப் படித்தால், "இதுவும் கண் பிரஷருக்குத்தான்" என்று ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுத்துக் கொடுப்பது ஏன் சரியில்லை என்பதும் விளங்கும். மருந்து அதே, கம்பெனி வேறு என்றால் பேச்சு வேறு. மருந்தே வேறு என்றால் வரத்தைக் குறைக்கச் சொன்னவனுக்கு மறுகாலை வெட்டிக் கொடுத்த கதை. அதிலும் டிமோலால் விளையாட்டுப் பொருள் அல்ல. கண்ணில் விட்ட சொட்டு மூக்குக்கு இறங்கும் சிறு குழாய் வழியாக ரத்தத்தில் கலந்து நுரையீரலையும் இதயத்தையும் தொடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் நாடித் துடிப்பு மெதுவாக உள்ளவர்களுக்கும் அது ஆகாது.

இதில் உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை, நானே செய்திருக்கிறேன். என்னோடு வண்டி ஓட்டிய ஓட்டுநர் ஒருவருக்கும் கண் பிரஷர். ஒரு நாள் இரவுத் தங்கலில் அவர் மருந்து தீர்ந்துவிட்டது. அப்போது எனக்கு டிமோலாலும் டார்சோலமைடும் கலந்த சொட்டு கூடுதலாக வந்திருந்த நேரம். "இதை விடுங்கள் அண்ணே, எல்லாம் ஒன்றுதான்" என்று தாராளமாகக் கொடுத்தேன். அவருக்கு இழுப்பு உண்டு என்பது எனக்குத் தெரியும்; அவர் இழுப்புக் குழாய் வைத்து உறிஞ்சுவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு அவர் மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்தபோதுதான் சம்பந்தம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். இன்றும் என்னை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்.

இப்போது கொஞ்சம் கோபமாகப் பேச வேண்டிய விஷயம்.

என் தங்கையின் பேரனுக்கு ஒன்பது வயது. வெயில் காலம் வந்தால் கண் அரிக்கும், சிவக்கும், கசக்கிக்கொண்டே இருப்பான். ஒரு முறை டாக்டர் பத்து நாளைக்கு ஒரு சொட்டு எழுதிக் கொடுத்தார். அருமையாகக் கேட்டது. அடுத்த முறை சிவந்தபோது அதே சீட்டு. அதற்கடுத்த முறை சீட்டுகூட இல்லை, காலி அட்டைப்பெட்டி. கடையின் பெயர் வேண்டாம். ஊர் பெயரும் வேண்டாம். ஏழெட்டு மாதம் அந்தப் பெட்டியைக் காட்டிக் காட்டியே வாங்கியிருக்கிறார்கள். அது ஸ்டீராய்டு சொட்டு. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் வகை மருந்துகளை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண்ணின் அழுத்தம் ஏறும். கிருமிக்கொல்லியோடு கலந்து வருகிற சொட்டுகளிலும் அது ஒளிந்திருக்கும். ஏறுவது யாருக்கும் தெரியாது. ஏனென்றால் சிவப்பு போய்விட்டதே, பையன் சிரிக்கிறானே! வகுப்பில் கரும்பலகை தெரியவில்லை என்று அவன் சொன்னபோது நரம்பு கெட்டுப் போயிருந்தது. ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மறு கண்ணுக்கு, அறுபது வயதைத் தாண்டிய நான் விடும் அதே சொட்டை அந்தப் பையனும் விடுகிறான்.

கண்புரை ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு அந்த மருந்து வேண்டும். டாக்டர் கணக்காக எழுதி, கணக்காக நிறுத்துவார். மருந்தைக் குற்றம் சொல்லவில்லை. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் அதைச் சட்டம் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு என்கிறேன். "சிவப்புக்கு ஏதாவது கொடுங்க அண்ணாச்சி" என்று வருகிற தாய்க்கு நீங்கள் சொல்லும் 'இல்லை', எங்கள் ஜனங்களுக்கு அப்போது கசக்கத்தான் செய்யும். பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள் என்ற உங்கள் பயமும் எனக்குத் தெரியும். அதனால்தான் ஒரு கடைக்கு எழுதாமல் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

இன்னொன்று, இதுவும் அவசரமானது. திடீரென்று ஒரு கண் வலித்து, பாதித் தலை பிளந்து, வாந்தி எடுத்து, விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிகிறது என்று ஒருவர் வந்தால் தலைவலிக்கும் வாந்திக்கும் மாத்திரை கொடுத்து அனுப்பாதீர்கள். மடை ஒரே நாளில் முழுவதும் அடைத்துக்கொள்கிற வகை அது. அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். பித்தம் என்று நம் ஊரில் அதைப் படுக்கவைத்துவிடுகிறார்கள்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை எழுத முடியாது. முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். பீடிச் சுளகை மடியில் வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டு போட்டு எங்களை வளர்த்தவர். கடைசிக் காலத்தில் அவர் வாசற்படியில் இடறினார், தண்ணீர்க் குடத்தைத் தட்டினார், பக்கத்தில் வந்து நிற்பவர்களைக் கவனிக்காமல் இருந்தார். ஆனால் பீடி மட்டும் பழையபடியே சுற்றினார். விரல் பார்த்துக்கொள்ளும் வேலை அது. கண் தேவையே இல்லை. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. புரைதான், முற்றட்டும், முற்றினால் எடுத்துவிடலாம் என்று ஊரே சொன்னது. நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றினோம். சூடு தணிய எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னோம். 2001-இல் பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு கண் முகாமுக்கு அழைத்துப் போனபோது, இது புரை இல்லை, நரம்பே போய்விட்டது என்றார்கள். டிமோலால் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1978-இல். லட்டனோபிராஸ்ட் 1996-இல். அம்மா பார்வை இழந்தபோது உலகத்தில் மருந்து இருந்தது. எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரவில்லை.

அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்று அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் முப்பத்தைந்து நாற்பதிலேயே போய்ப் பார்த்திருப்பேன். குறைந்தபட்சம் அப்படி நம்பிக்கொள்ள ஆசையாக இருக்கிறது.

அம்மா தனி ஆள் இல்லை. நம் தென்மாவட்டங்களில் மூன்றின் கிராமங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் சோதித்துப் பார்த்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், தங்களுக்கு அது இருப்பதே அதுவரை கண்டுபிடிக்கப்படாதவர்கள். அதாவது, உங்கள் கடைக்குச் சொட்டு வாங்க வருகிற நாங்கள் மிகச் சிறிய கூட்டம். தப்பித் தவறிக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள். எங்களையாவது நழுவ விடாமல் பிடித்துக்கொள்ளக் கூடாதா?

பக்கத்து வீட்டுக்காரர் விடுகிறார், எனக்கும் ஒரு பாட்டில் கொடு என்று வருகிறவர்களும் உண்டு. என் தம்பியே அப்படி ஒரு முறை கிளம்பினான். அவனுக்கு அழுத்தம் 24. நரம்பு நன்றாக இருக்கிறது. இப்போதைக்கு மருந்து வேண்டாம், வருடத்துக்கு இரண்டு முறை வா என்று டாக்டர் அனுப்பிவிட்டார். இதற்கும் ஆதாரம் இருக்கிறது. அழுத்தம் மட்டும் கூடி, நரம்பு கெடாத 1,636 பேரை அமெரிக்காவில் வருடக்கணக்கில் கவனித்தார்கள். 2002-இல் வந்த முடிவின்படி, சொட்டு விடாதவர்களில் ஐந்து வருடத்தில் நூற்றுக்கு 9.5 பேருக்கு நோய் வந்தது. சொட்டு விட்டவர்களில் 4.4 பேருக்கு. சொட்டு பாதிக்கு மேல் தடுக்கிறது. ஆனால் விடாதவர்களிலும் பெரும்பாலோர் தப்பித்துக்கொள்கிறார்கள். யாருக்கு ஆபத்து அதிகம் என்று பார்த்துப் பிரிப்பது டாக்டரின் வேலை. உங்களுடையதும் அல்ல, என் தம்பியுடையதும் அல்ல. லேசரும் ஆபரேஷனும் இருக்கின்றன. அவையும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

'கண் பிரஷர்' என்ற சொல்லே ஒரு வில்லங்கம். "நான்தான் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேனே, சொட்டு எதற்கு?" என்று கேட்டவர்களை நானே பத்துப் பேரைப் பார்த்திருப்பேன். ரத்த அழுத்தம் வேறு, இது வேறு என்று கவுண்டரில் நின்றபடி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

அந்த ஒரு நிமிடம் கிடைத்தால் இன்னும் சிலவற்றைக் கையால் காட்டியே விளக்கலாம். எனக்குச் சரியாகச் சொட்டு விடக் கற்றுக் கொடுத்தது நான் பில் காட்டி மாட்டிக்கொண்ட அன்று அதே நர்ஸ் அக்காதான். அதுவரை இரண்டு சொட்டு, மூன்று சொட்டு என்று கண் நிரம்பி வழிய விடுவேன். ஒரு சொட்டுக்கே கண்ணில் முழு இடம் கிடையாது. இரண்டாவது கன்னத்துக்குத்தான் போகிறது. கீழ் இமையை இழுத்துப் பை மாதிரி ஆக்கி, பாட்டில் நுனி எங்கும் படாமல் ஒன்றே ஒன்று விட வேண்டும். பிறகு கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். அழுத்தினால் மருந்து தொண்டைக்கு இறங்காது. எனக்குத் தொண்டையில் கசப்பு அடிக்கிற நாளெல்லாம் நான் சோம்பேறித்தனப்பட்ட நாள். இரண்டு மருந்து உள்ளவர்கள் நடுவே ஐந்து நிமிடம் விட வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

கை நடுங்குகிற கிழவர்களுக்கு இன்னொரு தொந்தரவு. 2.5 மில்லி பாட்டிலில் ஏறத்தாழ எண்பது சொட்டு இருக்கும். இரண்டு கண்ணுக்கும் இரவு ஒவ்வொன்று என்றால் மாதத்துக்கு அறுபது. சிந்தாமல் விட்டால் போதும். நடுங்கினால் மூன்று வாரத்தில் காலி. "அதற்குள்ளேயா தீர்ந்தது?" என்று நீங்கள் சிரித்துக்கொண்டுதான் கேட்பீர்கள், அவர் வெட்கப்பட்டு, மாதம் முடிகிறவரை வரமாட்டார். அந்த ஒரு வாரம் கண் காவலில்லாமல் கிடக்கும்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். லட்டனோபிராஸ்ட் பல கம்பெனிகளில் திறக்கும்வரை குளிரில் இருக்க வேண்டிய மருந்து. திறந்த பிறகு 25 டிகிரிக்குள். நம் ஊர் சித்திரைக்கும் 25 டிகிரிக்கும் என்ன உறவு? நான் அதை எஞ்சின் பக்கத்தில் தொங்கிய பையில் வைத்து மதுரை வரை கொண்டுபோய் வந்திருக்கிறேன். அதில் மருந்துக் குணம் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. பிரிட்ஜ் இல்லாத நாட்களில் காருகுறிச்சிப் பானைக்குப் பக்கத்தில் ஈரமில்லாத ஒரு டப்பாவில் வைத்திருந்தேன். தோல்பைக்கு அது மேல். எந்த பாட்டில் எப்படி வைக்க வேண்டியது என்று அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பார்வை போய்க்கொண்டிருக்கிறவனுக்கு இந்த உலகத்திலேயே மிகச் சிறிய எழுத்தில் எழுதிக் கொடுப்பது யாருடைய புத்தியோ! நீங்கள் படித்துச் சொல்லுங்கள். உங்கள் கடை பிரிட்ஜ் மின்வெட்டில் எத்தனை மணி நேரம் அணைந்து கிடந்தது என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

சரி, நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

நம் பக்கத்து மளிகைக் கடைகளில் பற்று நோட்டு இருக்கிறது. உங்களில் பலரிடமும் இருக்கிறது; என் பெயரே இரண்டு கடைகளில் இருந்தது. நூற்றெண்பது ரூபாய் பாக்கி வைத்தால் பத்தாம் நாள் பையன் வீட்டுக்கு வருவான், இல்லை போன் வரும். பாக்கிக்கு இவ்வளவு ஞாபகசக்தி உள்ள ஊரில், என் சொட்டு எந்தத் தேதியில் தீரும் என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்க முடியாதா?

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். கண் பிரஷருக்கு மாதாமாதம் சொட்டு வாங்குகிறவரின் பெயர், போன் எண், மருந்தின் பெயர், வாங்கிய தேதி. சம்மதம் கேட்டு எழுதுங்கள். தன் நோய் வெளியே தெரிய விரும்பாதவர்களும் உண்டு. பாட்டிலைக் கொடுக்கும்போது அட்டையில் 'திறந்த தேதி' என்று எழுதி, கோடு போட்டுக் கொடுங்கள். திறந்தபின் நான்கு வாரம் வரை விடலாமா, ஆறு வாரம் வரை விடலாமா என்பது அதே அட்டையில் இருக்கும். அதையும் பெரிதாக எழுதிவிடுங்கள். இருபத்தைந்தாம் நாள் நோட்டைப் புரட்டி, சரக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே ஆர்டர் போடுங்கள். முப்பத்தைந்தாம் நாளும் ஆள் வரவில்லை என்றால் ஒரு போன். "அண்ணே, சொட்டு தீர்ந்திருக்குமே?" அவ்வளவுதான். வியாபாரத்துக்கும் அது நஷ்டமில்லை; நீங்கள் விற்காமல் விட்ட பன்னிரண்டு பாட்டிலை என் ஒருவன் கணக்கிலேயே காட்டிவிட்டேன்.

பணமில்லாமல் நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். டிமோலால் மலிவு; மற்றவை அப்படி இல்லை. பீடி சுற்றுகிற, பாய் முடைகிற வீட்டில் மாதம் ஒரு பாட்டில் கனமான செலவு. வராதவருக்குப் போன் செய்தால் அந்தக் காரணம் வெளியே வரும். அரசு மருத்துவமனையில் சீட்டைக் காட்டிக் கேட்டுப் பார்க்கச் சொல்லலாம், மக்கள் மருந்தகத்தைக் காட்டலாம், டாக்டரிடம் மலிவானதாக மாற்றித் தரச் சொல்லி அனுப்பலாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை 2021 முதல் அரசு வீடு தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறது. அந்தப் பையில் எங்கள் பாட்டிலும் ஏற வேண்டும் என்பது கோட்டைக்கு எழுத வேண்டிய வேறு மடல். எழுதுவேன். அது வந்து சேரும்வரை எங்கள் கண் உங்கள் கடை வாசலில்தான் நிற்கிறது.

எனக்கு இப்போது வலது கண்ணில் அழுத்தம் 15, இடதில் 14. மூன்று வருடமாகப் பார்வைப் பரப்புத் தாளில் கரி கூடவில்லை. இரவு ஒன்பது மணிக்கு லட்டனோபிராஸ்ட். மற்றது காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும். மாலைச் சொட்டைப் பேத்தி விடுகிறாள். ஓரத்தை அழுத்தச் சொல்லி இரண்டு நிமிடத்தை அவளே எண்ணுகிறாள், கொஞ்சம் வேகமாக.

போன மாதம் 6-ஆம் தேதி திறந்த பாட்டில் இந்த வாரம் தீர்கிறது. வியாழக்கிழமை அம்பாசமுத்திரம் வருகிறேன். சீட்டையும் தேதி எழுதிய அட்டையையும் கையோடு கொண்டுவருகிறேன். அதற்குள் நோட்டு வாங்கி வைத்திருந்தால் முதல் பக்கத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். வாங்கவில்லை என்றால் சொல்லுங்கள், பஸ் நிலையத்துக் கடையில் நானே ஒன்று வாங்கி வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பாபநாசம் தடத்தின் ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவன்